இலத்திரனியல் பெட்டியின் முன்தட்டில் எழுத்தமைத்தல்



செயற்றிட்டத்துக்காக நீங்கள் ஒரு மின்சுற்றை அமைத்துப் பெட்டியொன்றினுள் இடுகிறீர்கள். ஆளியைப் போட்டதும் சுற்று வேலை செய்கிறது. பலர் அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்து விடுகின்றனர். பெட்டியின் முகத்தில் எது ஆளி, எது பயப்பு, எந்த முடிவிடம் நேர், எது மறை என்று எதுவும் இருப்பதில்லை. செய்தவருக்கு அது தெரியும். ஆனால் பெட்டியைப் பயன்படுத்தப் போகிறவர் எப்போதும் செய்தவராக இருப்பதில்லை.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ஒரு கலைப் பட்டதாரி. ஆயினும் பாடசாலைக் காலத்தில் எனக்கும் இலத்திரனியலில் ஆசை இருந்தது. சிறிய வலு வழங்கியொன்றைச் செய்து, வெள்ளைப் பிளாஸ்டரை ஒட்டி, குமிழ்முனைப் பேனாவால் + என்றும் − என்றும் எழுதினேன். மூன்று மாதத்தில் விரல் பட்டுப் பட்டு மை அழிந்து போனது. என்னிடம் அதை இரவல் வாங்கிய நண்பன் தன் தந்தையின் சிறிய வானொலியை மாற்றித் தொடுத்து விட்டான். வானொலி பழுதானது. என் சுற்றில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பிழை எழுத்தில் இருந்தது.

அதே வீட்டில் என் மாமா செய்த பெட்டியொன்று இன்றும் இருக்கிறது. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த டைனமோவிலிருந்து வரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் கொண்ட பெட்டி அது. தகரத்தில் ஆணியால் ஆழமாகக் கீறி, கீறலுக்குள் எனாமல் பெயின்ற் நிரப்பி, 'டைனமோ', 'வானொலி', '+', '−' என்று எழுதியிருக்கிறார். எழுத்து கோணல்தான். ஆனால் இன்றும் ஒரு சிறுபிள்ளை கூட அதை வாசித்துச் சரியாகத் தொடுக்கலாம். இந்தப் பாடத்தின் நோக்கம் மாமாவின் எழுத்தைப் போல் நிலைப்பதும், அதைவிடச் சற்று நேராக இருப்பதுமான ஒரு முன்தட்டைச் செய்யக் கற்பதே.

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால் முடிய வேண்டியவை:

• முன்தட்டின் பணிகளை எடுத்துக்கூறல்
• ஒரு சாதனத்துக்குத் தேவையான எழுத்துகளையும் குறியீடுகளையும் தெரிவு செய்தல்
• சுழற்றும் குமிழுக்குரிய அளவிடையைக் கணித்தல்
• எழுத்தை இடும் முறைகளை ஒப்பிடுதல்
• குறைந்த செலவில் ஒரு முன்தட்டை ஒழுங்காக ஆக்குதல்

1. முன்தட்டின் பணிகள்

சாதனமொன்றின் ஆளி, குமிழ், விளக்கு, முடிவிடம் என்பன பொருத்தப்பட்டு, பயன்படுத்துபவரை நோக்கி இருக்கும் தட்டே முன்தட்டு ஆகும். அதன் பணிகள் நான்கு.

(அ) பாகங்களைத் தாங்குதல்.
(ஆ) உள்ளே உள்ள கம்பிகளிலிருந்து பயன்படுத்துபவரைப் பாதுகாத்தல்.
(இ) சாதனத்தை எவ்வாறு இயக்குவது எனக் கூறுதல்.
(ஈ) சாதனம் இப்போது எந்நிலையில் உள்ளது எனக் கூறுதல்.

முதல் இரண்டும் தகட்டின் வேலை. அடுத்த இரண்டும் எழுத்தின் வேலை. பரீட்சையில் முன்தட்டின் பணிகளைக் கேட்டால் மாணவர் பலர் முதல் இரண்டை மட்டும் எழுதுவர். நான்கையும் எழுதப் பழகுக.

2. ஒரு விளக்கு தவறாகச் சொன்ன செய்தி

நான்காவது பணி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. 1979 மார்ச் 28ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து ஏற்பட்டது. அமுக்கத்தைக் குறைப்பதற்காகத் திறந்த ஒரு வால்வு மீண்டும் மூடாமல் சிக்கிக் கொண்டது. அதனூடாகக் குளிராக்கும் நீர் வெளியேறிக் கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறையின் தட்டில் அந்த வால்வுக்கென ஒரு விளக்கு இருந்தது. விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் எண்ணினர். உண்மையில் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின் செல்கிறதா என்பதை மட்டுமே காட்டியது. மூடுமாறு கட்டளை போனது உண்மை. வால்வு மூடியது உண்மையன்று. இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக இது கண்டுபிடிக்கப்படவில்லை. அணு உலையின் உட்பகுதியில் ஒரு பங்கு உருகியது. விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் தட்டில் இருந்த விளக்கு எதைக் காட்டுகிறது என்பது தெளிவாக இல்லாமை அவற்றுள் ஒன்றாகும்.

இதிலிருந்து நாம் பெறும் விதி: ஒரு விளக்கின் கீழ் எழுதும் பெயர், அந்த விளக்கு உண்மையில் எந்த இடத்து மின்னைக் காட்டுகிறதோ அதையே கூற வேண்டும். இந்த விதியைச் சற்றுப் பின்னர் எமது சிறிய பெட்டியிலும் பயன்படுத்துவோம்.

3. நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம்

மாற்றக்கூடிய வோல்ற்றளவு தரும் நேரோட்ட வலு வழங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதில் எல்.எம். 317 என்னும் வோல்ற்றளவு ஒழுங்காக்கி பயன்படுகிறது. பழைய மடிக்கணினியின் 19 வோல்ற்று அடாப்டரைப் பெய்ப்பாகக் கொடுக்கிறோம். இதனால் 230 வோல்ற்று வீட்டு மின் எமது பெட்டிக்குள் வருவதே இல்லை. நிலைமாற்றியைப் பெட்டிக்குள் வைத்து 230 வோல்ற்றை உள்ளே கொண்டுவரும் அமைப்பை ஆசிரியரின் நேரடி மேற்பார்வையின்றி ஒருபோதும் செய்யக்கூடாது.

முன்தட்டில் வரும் பாகங்கள்:

• ஆளி 1
• ஒளிகாலும் இருவாயி 1
• வோல்ற்றளவை மாற்றும் குமிழ் 1 (பின்னால் 2000 ஓம் மாறும் தடையி)
• பயப்பு முடிவிடங்கள் 2 (சிவப்பு, கறுப்பு)

தகடு: 1.5 மி.மீ. தடிப்புள்ள அலுமினியம், 160 மி.மீ. நீளம், 80 மி.மீ. உயரம். அலுமினியம் மென்மையானது, துருப்பிடிக்காது, வீட்டிலுள்ள கருவிகளால் வெட்டலாம். பிளாஸ்ரிக் பெட்டியின் மூடியையும் பயன்படுத்தலாம்.

4. எதை எழுத வேண்டும்?

தட்டில் இடம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் எழுதக்கூடாது. தேவையானதை விடவும் கூடாது. ஒவ்வொரு பாகத்தின் முன்னும் நின்று, இதைத் தொடப்போகும் ஒருவர் எதை அறிய வேண்டும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆளி: எப்பக்கம் தள்ளினால் மின் வரும் என்பதைக் காட்ட வேண்டும். இலங்கையில் சுவர் ஆளிகளைக் கீழே அழுத்தினால் மின் வரும். வட அமெரிக்காவில் மேலே தள்ளினால் மின் வரும். ஆகவே 'எல்லோருக்கும் தெரியும்தானே' என்று விடக்கூடாது. சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் நியமப்படி நிலைக்குத்தான ஒரு கோடு மின் வருவதையும், ஒரு வட்டம் மின் நிற்பதையும் குறிக்கும். இக்குறியீடுகள் எம்மொழி பேசுவோருக்கும் பொதுவானவை.

ஒளிகாலும் இருவாயி: எமது சுற்றில் இது ஆளிக்குப் பின்னும் ஒழுங்காக்கிக்கு முன்னும் தொடுக்கப்பட்டுள்ளது. எனவே அது ஒளிர்ந்தால் பெட்டிக்குள் பெய்ப்பு மின் வந்துள்ளது என்பது மட்டுமே பொருள். ஒழுங்காக்கி பழுதடைந்து பயப்பில் ஒன்றும் வராவிட்டாலும் விளக்கு ஒளிரும். இதன் கீழ் 'பயப்பு' என எழுதினால் திறீ மைல் ஐலண்டில் நடந்த அதே தவறை நாமும் செய்தவராவோம். 'பெய்ப்பு' என்றே எழுத வேண்டும்.

குமிழ்: 'வோல்ற்றளவு' என்ற சொல்லும் அதைச் சுற்றி அளவிடையும்.

முடிவிடங்கள்: + , − குறிகள் கட்டாயம். சிவப்பு, கறுப்பு நிறம் மட்டும் போதாது. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதவர்கள் உள்ளனர். மங்கிய வெளிச்சத்தில் சிவப்பும் கறுப்பும் எவருக்கும் ஒன்றுபோல் தோன்றும்.

எல்லை: 'பயப்பு உச்சம் 0.5 அம்பியர்' என எழுத வேண்டும். எல்.எம். 317 ஒழுங்காக்கி நன்கு குளிர்விக்கப்பட்டால் 1.5 அம்பியர் வரை தரக்கூடியது. ஆனால் நாம் 19 வோல்ற்றைக் கொடுத்து 3 வோல்ற்றை எடுக்கும்போது மிகுதி 16 வோல்ற்றும் வெப்பமாகவே போகும். 0.5 அம்பியரில் அது 16 × 0.5 = 8 உவாற்று ஆகும். இதற்கே நல்ல வெப்ப உறிஞ்சி வேண்டும். எனவே தட்டில் ஒழுங்காக்கியின் எல்லையை அல்ல, எமது பெட்டியின் எல்லையையே எழுத வேண்டும்.

பின்புறம்: அடாப்டர் செருகும் இடத்தில் 'பெய்ப்பு 19 வோல்ற்று நேரோட்டம்' என எழுதுக. வேறு அடாப்டரை ஒருவர் செருகி விடாதிருக்க இது உதவும்.

5. பாகங்களை ஒழுங்குபடுத்தல்

(அ) இடமிருந்து வலமாக வாசிக்கும் எமக்கு மின்னும் அவ்வாறே செல்வதாகத் தோன்றினால் விளங்குவது எளிது. ஆளி இடப்பக்கம், விளக்கு அதன் அருகில், குமிழ் நடுவில், முடிவிடங்கள் வலப்பக்கம்.

(ஆ) பெயரைப் பாகத்தின் மேலே எழுதுக. கை கீழிருந்தே வருவதால் கீழே எழுதிய பெயரைக் கை மறைத்துவிடும். விளக்கைக் கை தொடுவதில்லை. அதற்கு மட்டும் கீழே எழுதலாம்.

(இ) பாகங்களின் மையங்கள் ஒரே கிடைக்கோட்டில் இருக்கட்டும். பெயர்களின் அடிக்கோடும் ஒரே கோட்டில் இருக்கட்டும். ஒரு மில்லிமீற்றர் வேறுபாட்டையும் கண் உடனே கண்டுபிடிக்கும்.

(ஈ) குமிழைச் சுற்றி விரல் சுழல இடம் விடுக. குமிழின் ஆரை 12 மி.மீ. எனின் மையத்திலிருந்து 25 மி.மீ. வரை வேறெதுவும் இருக்கக்கூடாது. அளவிடையின் எழுத்துகள் மட்டும் இதற்குள் வரலாம்.

(உ) இரண்டு முடிவிடங்களுக்கும் இடையே 19 மி.மீ. விடுக. இரட்டைச் செருகிகள் பல இந்த இடைவெளிக்கே செய்யப்படுகின்றன. உலோகத் தட்டாயின் முடிவிடத்தைச் சுற்றியுள்ள காவலி வளையங்களை விடாது பொருத்த வேண்டும்.

6. எழுத்தின் அளவும் வடிவும்

எழுத்தின் உயரம் வாசிக்கும் தூரத்தின் 200இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல் ஆகும். மேசையில் உள்ள பெட்டியை நாம் ஏறத்தாழ 600 மி.மீ. தூரத்திலிருந்து பார்க்கிறோம்.

எழுத்தின் உயரம் = 600 ÷ 200 = 3 மி.மீ.

இது குறைந்த அளவு. தமிழ் எழுத்துக்கு இதைவிடச் சற்றுக் கூட்டி 4 மி.மீ. எடுப்பது நன்று. காரணம், 'ண', 'ன', 'ஞ' போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருக்கமாக உள்ளன. சிறிதாக அச்சிட்டால் சுழிகள் மையால் அடைபட்டு 'ண', 'ன' இரண்டும் ஒன்றாகிவிடும். மேலும் 'கி', 'கீ' என்பவற்றின் விசிறி மேலேயும், 'மு', 'மூ' என்பவற்றின் கால் கீழேயும் செல்வதால் வரிகளுக்கு இடையில் கூடுதல் இடம் விட வேண்டும்.

கணினியில் காட்டப்படும் எழுத்தளவு புள்ளிகளில் உள்ளது. 1 புள்ளி ஏறத்தாழ 0.35 மி.மீ. ஆகும். ஆனால் 12 புள்ளி என்றால் எழுத்தின் உயரம் 4.2 மி.மீ. என்று எண்ணி விடாதீர்கள். மேல் விசிறி, கீழ்க் கால் எல்லாவற்றுக்குமான இடமும் அந்த 12 புள்ளிக்குள் அடங்கும். அச்சிட்டு அடிமட்டத்தால் அளந்து பார்ப்பதே சரியான வழி.

எழுத்துருவில் அலங்காரம் வேண்டாம். ஒரே தடிப்புள்ள எளிய எழுத்துரு ஒன்றை மட்டும் தட்டு முழுவதற்கும் பயன்படுத்துக. இரண்டு அளவுகள் போதும்: பெயர்களுக்கு ஒன்று, அளவிடை எண்களுக்கு ஒன்று. வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்தே மிகத் தெளிவானது.

7. குமிழின் அளவிடையைக் கணித்தல்

எல்.எம். 317 ஒழுங்காக்கியின் பயப்பு வோல்ற்றளவு பின்வருமாறு அமையும்.

பயப்பு வோல்ற்றளவு = 1.25 × (1 + மாறும் தடை ÷ நிலையான தடை)

நிலையான தடை 220 ஓம், மாறும் தடை 0 முதல் 2000 ஓம் வரை எனின்,

குறைந்த பயப்பு = 1.25 × (1 + 0) = 1.25 வோல்ற்று
கூடிய பயப்பு = 1.25 × (1 + 2000 ÷ 220) = 12.61 வோல்ற்று

மாறும் தடையி நேர்கோட்டு வகையைச் சேர்ந்ததாயின், சுழலும் கோணத்துக்கு ஏற்ப வோல்ற்றளவும் சீராகக் கூடும். தடை மாறும் கோணம் 270° எனக் கொள்வோம்.

வோல்ற்றளவின் வீச்சு = 12.61 − 1.25 = 11.36 வோல்ற்று
1 வோல்ற்றுக்குரிய கோணம் = 270 ÷ 11.36 = 23.8° (இன்னும் திருத்தமாக 23.76°)

ஆகவே தொடக்கத்திலிருந்து,

3 வோல்ற்று: (3 − 1.25) × 23.76 = 42°
5 வோல்ற்று: (5 − 1.25) × 23.76 = 89°
6 வோல்ற்று: (6 − 1.25) × 23.76 = 113°
9 வோல்ற்று: (9 − 1.25) × 23.76 = 184°
12 வோல்ற்று: (12 − 1.25) × 23.76 = 255°

கவனத்திற் கொள்க: இது கணித்த அளவிடை. கடையில் வாங்கும் மாறும் தடையியில் 2000 ஓம் என எழுதியிருந்தாலும் உண்மைத் தடை அதிலிருந்து கணிசமாக வேறுபடலாம். தொடக்கத்திலும் முடிவிலும் சில பாகைகள் தண்டு சுழன்றாலும் தடை மாறாது. எனவே சுற்றை முடித்து, வெற்றுக் காகித வட்டமொன்றைக் குமிழின் பின்னால் வைத்து, பல்மானியால் பயப்பை அளந்து, 3, 5, 6, 9, 12 வோல்ற்று வரும் இடங்களைப் பென்சிலால் குறிக்க வேண்டும். பின்பு பாகைமானியால் அக்கோணங்களை அளந்து வரைபடத்தில் இடுக. கணித்த கோணங்கள், அளந்தவை சரியா என ஒப்பிட்டுப் பார்க்க உதவும். 5 வோல்ற்றுக் கருவியொன்றைத் தொடுக்கப் போகிறவர் இந்த அளவிடையை நம்பியே குமிழைத் திருப்புவார் என்பதை மறவாதீர்கள்.

மடக்கை வகை மாறும் தடையியைத் தவறுதலாக வாங்கினால் அளவிடையின் ஒரு பக்கத்தில் எண்கள் நெருங்கியும் மறுபக்கத்தில் விலகியும் வரும். அது ஒலியைக் கூட்டிக் குறைப்பதற்கு உரியது.

8. எழுத்தை இடும் முறைகள்

(அ) கையால் எழுதல்: அழியா மைப்பேனாவும் எழுத்து அச்சுத்தகடும் போதும். செலவு மிகக் குறைவு. தொடுகையால் தேயும். மேலே ஒளிபுகும் வாணிஷ் பூசினால் நீண்ட காலம் இருக்கும்.

(ஆ) கீறி நிறம் நிரப்புதல்: மாமாவின் முறை. மிக உறுதியானது. ஆனால் பிழைவிட்டால் திருத்த முடியாது.

(இ) உலர் எழுத்துமாற்றுத் தாள்: 1960களில் பிரித்தானியாவின் லெட்ராசெட் நிறுவனத்தால் பரவலாகியது. தாளின் பின்புறம் தேய்த்தால் எழுத்து தட்டில் ஒட்டும். கணினி அச்சு பரவியபின் இதன் பயன்பாடு பெரிதும் குறைந்துவிட்டது.

(ஈ) புடைப்பு நாடா: சிறு கைக்கருவியால் பிளாஸ்ரிக் நாடாவில் எழுத்தைப் புடைக்கச் செய்து ஒட்டுதல். உறுதியானது, ஆனால் அளவிடை போன்ற வளைகோடுகளை இடமுடியாது.

(உ) அச்சிட்ட காகிதமும் ஒளிபுகும் உறையும்: கணினியில் வரைந்து, லேசர் அச்சுப்பொறியில் அச்சிட்டு, மேலே ஒளிபுகும் ஒட்டுத்தாளால் மூடித் தட்டில் ஒட்டுதல். செலவு குறைவு, தெளிவு அதிகம், பிழைவிட்டால் மீண்டும் அச்சிடலாம்.

(ஊ) ஒளிபுகும் தாளின் பின்புறத்தில் அச்சிடல்: வரைபடத்தைக் கண்ணாடி விம்பம் போலப் புரட்டி அச்சிட்டு, அச்சுள்ள பக்கம் தட்டை நோக்கி இருக்குமாறு ஒட்டுதல். எழுத்து பிளாஸ்ரிக்குக்கு அடியில் இருப்பதால் விரல் அதைத் தொடாது, எனவே தேயாது.

தொழிற்சாலைகளில் பட்டுத்திரை அச்சும், பொறியால் செதுக்குதலும் பயன்படுகின்றன. மாணவர்களுக்கு (உ) முறையே மிகப் பொருத்தமானது.

லேசர் அச்சுப்பொறியை வற்புறுத்துவதேன்? அதன் மை ஒரு பிளாஸ்ரிக் தூள். ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஈரம் பட்டாலும் கரையாது. மை தெளிக்கும் அச்சுப்பொறிகள் பலவற்றின் மை நீரில் கரையும். வியர்வை ஊறினால் எழுத்து கலங்கும். போட்டோப் பிரதி எடுக்கும் பொறியும் அதே பிளாஸ்ரிக் தூளையே பயன்படுத்துவதால், கையால் அழகாக வரைந்து போட்டோப் பிரதி எடுப்பதும் ஏற்ற வழியே. கணினி இல்லாத மாணவர் இதனால் மனம் தளர வேண்டியதில்லை.

9. செய்முறை

படி 1. பாகங்களை வாங்கியபின் வரைக. வேணியர் இடுக்கியால் ஒவ்வொரு பாகத்தின் கழுத்து விட்டத்தையும் அளந்து துளையின் அளவைத் தீர்மானிக்க. புத்தகத்தில் உள்ள அளவை நம்பித் துளையிடக்கூடாது.

படி 2. 160 × 80 மி.மீ. சட்டத்தை வரைந்து பாகங்களின் மையங்களைச் சிறு + குறியால் குறிக்க. பெயர்கள், அளவிடை என்பவற்றை இடுக. சட்டத்துக்கு வெளியே சரியாக 100 மி.மீ. நீளமான சோதனைக்கோடு ஒன்றை வரைக.

படி 3. அச்சிடக் கொடுக்குமுன் கோப்பை பி.டி.எப். வடிவில் சேமிக்க. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும். பி.டி.எப். கோப்பில் எழுத்துருவும் சேர்ந்தே இருக்கும்.

படி 4. சாதாரண தாளில் ஒரு பிரதி எடுத்துச் சோதனைக்கோட்டை அளக்க. பக்கத்துக்குப் பொருந்துமாறு அச்சிடும் தெரிவு இருந்தால் படம் சுருங்கும். 100 மி.மீ. கோடு 97 மி.மீ. ஆக வந்தால் 120 மி.மீ. இடைவெளி 116.4 மி.மீ. ஆகிவிடும். 3.6 மி.மீ. பிழையோடு எந்தத் துளையும் பொருந்தாது. முழு அளவில் மீண்டும் அச்சிடுமாறு கேட்க.

படி 5. சரியான பிரதியைத் தகட்டில் தற்காலிகமாக ஒட்டி, + குறிகளின் நடுவில் சென்ரர் பஞ்சால் குத்துக. குத்தாமல் துளையிட்டால் துளை அலகு வழுக்கிச் செல்லும்.

படி 6. தகட்டை மரக்கட்டையின் மேல் இறுகப் பிடிப்பித்து, முதலில் 3 மி.மீ. அலகாலும் பின்பு பெரிய அலகாலும் துளையிடுக. கண்ணாடி அணிக. தகட்டைக் கையால் பிடித்துத் துளையிடக்கூடாது. அலகு சிக்கினால் தகடு சுழன்று கையை வெட்டும். துளை ஓரங்களை அரத்தால் மழுங்கச் செய்க.

படி 7. பாகங்களை ஒருமுறை பொருத்திப் பார்த்து, திருத்த வேண்டியவற்றைத் திருத்தி, கழற்றுக. ஒட்டிய பின்பு அரத்தை எடுக்கும் நிலை வரக்கூடாது.

படி 8. தகட்டை மெல்லிய அரத்தாளால் ஒரே திசையில் தேய்த்து, சவர்க்கார நீரால் கழுவி உலர்த்துக. எண்ணெய்ப் பசை இருந்தால் எதுவும் ஒட்டாது.

படி 9. தடித்த தாளில் இறுதிப் பிரதியை எடுத்து, மேலே ஒளிபுகும் ஒட்டுத்தாளை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக ஒட்டி, மென்துணியால் காற்றுக்குமிழிகளை வெளியேற்றுக. பின்புறத்தில் இருபக்கமும் ஒட்டும் நாடாவை இடைவெளியின்றி இட்டு, தகட்டோடு ஒட்டுக.

படி 10. கூரிய பிளேட்டால் பின்புறமிருந்து துளைகளின் ஓரம் வழியே காகிதத்தை வெட்டுக. வெட்டு ஓரம் பாகங்களின் சுரைக்கும் வளையத்துக்கும் கீழே மறைந்துவிடும்.

படி 11. பாகங்களைப் பொருத்துக. சுரையை இறுக்கும்போது சாவி வழுக்கி எழுத்தைக் கீறாதிருக்க ஒரு காகிதத் துண்டை இடையில் வைக்க. இறுதியாகப் பல்மானியால் + , − குறிகளையும் அளவிடையின் ஒவ்வோர் எண்ணையும் சரிபார்க்க. இச்சரிபார்ப்புச் செய்யாத தட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் முடிவுற்ற தட்டு அன்று.

10. மாதிரி வினாக்களும் விடைகளும்

1. முன்தட்டில் எழுத்தமைப்பதன் இரு நோக்கங்களைத் தருக.
விடை: சாதனத்தை இயக்கும் முறையைக் கூறல், சாதனத்தின் தற்போதைய நிலையைக் கூறல்.

2. 1 மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்க வேண்டிய எழுத்தின் குறைந்த உயரம் யாது?
விடை: 1000 ÷ 200 = 5 மி.மீ.

3. 19 வோல்ற்றுப் பெய்ப்பில் 2 வோல்ற்று இறங்கும் ஒளிகாலும் இருவாயியை 10 மில்லி அம்பியரில் ஒளிரச் செய்யத் தேவையான தடையியின் பெறுமானம் யாது?
விடை: (19 − 2) ÷ 0.01 = 1700 ஓம். கடையிற் கிடைக்கும் அடுத்த நியமப் பெறுமானம் 1800 ஓம்.

4. மேலே கணித்த அளவிடையில் குமிழ் சரியாக நடுவில் (135°) இருக்கும்போது பயப்பு வோல்ற்றளவு யாது?
விடை: 1.25 + (11.36 ÷ 2) = 6.93 வோல்ற்று. 6 வோல்ற்று அல்ல என்பதைக் கவனிக்க. 'நடு என்றால் 12இன் பாதி' என்று எண்ணி எழுதினால் ஏறத்தாழ ஒரு வோல்ற்றுப் பிழை வரும்.

5. மாணவன் ஒருவன் ஒழுங்காக்கிக்கு முன் தொடுத்த விளக்கின் கீழ் 'பயப்பு' என எழுதினான். இதன் குறைபாடு யாது? திருத்தும் இரு வழிகளைக் கூறுக.
விடை: பயப்பில் மின் இல்லாதபோதும் விளக்கு ஒளிரும், பயன்படுத்துபவர் தவறாக விளங்கிக் கொள்வார். வழி ஒன்று, பெயரைப் 'பெய்ப்பு' என மாற்றல். வழி இரண்டு, விளக்கைப் பயப்பு முடிவிடங்களுக்குக் குறுக்கே தகுந்த தடையியுடன் தொடுத்தல். இரண்டாவது வழியில் 1.25 வோல்ற்றில் விளக்கு ஒளிராது என்பதால் முதலாவது வழியே இச்சாதனத்துக்கு ஏற்றது.

நினைவிற் கொள்க

• எழுத்து அழகுக்கு மட்டுமன்று, பாதுகாப்புக்கும் உரியது.
• பெயர் உண்மையைச் சொல்ல வேண்டும்.
• முதலில் துளை, பின்பு எழுத்து, கடைசியில் சரிபார்ப்பு.

மாணவர்களே, நீங்கள் செய்து முடித்த பெட்டியைச் சுற்றைப் பற்றி எதுவும் தெரியாத வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் பக்கத்தில் நில்லுங்கள். அம்மாவோ தம்பியோ அதை வாசித்துத் தாமே சரியாகத் தொடுத்து, சரியான வோல்ற்றளவில் வைத்தால் உங்கள் முன்தட்டு தேறிவிட்டது. அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து 'இது எது?' என்று கேட்டால், அந்த இடத்தில்தான் இன்னும் ஒரு சொல் எழுத வேண்டியிருக்கிறது.